தீன்குலச் செல்வி எழுதுகிறார்

ஷார்ஜா
12.1.2007

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அறை நண்பர்களும் சுகம். நீயும் சஹாபுதீன் மச்சானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது? அவளைப் பார்க்கப் பழவேற்காட்டுக்குக் கடைசியாக எப்போது போனாய்?

உன் பக்ரீத் கடிதம் வந்தது. காலையில் கொடியில் போட்ட மச்சானின் வெள்ளைச் சட்டை சாயங்காலம் கம்பெனிப் புகையில் சாம்பல் நிறமாகிவிட்டதையும், அதை உதறிக்கொண்டே நீ "இன்னிக்கு எந்தக் கம்பெனிங்க?" என்று கேட்டதையும் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். இதெல்லாம் போனில் வராது அக்கா. ஒரு போன் கார்டு போட்டால் ஏழு நிமிடம். அதில் அம்மாவின் மாத்திரைக்கே ஐந்து நிமிடம் போய்விடுகிறது. நீ கடிதமே எழுது. நாலு பக்கம் ஐந்து பக்கம் என்றாலும் பரவாயில்லை.

வேலை இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரில் தமிழில் கொஞ்சம் எழுதுகிறேன். வலைப்பதிவு என்று சொல்வார்கள். யாரும் தனக்கென்று ஒரு பக்கம் வைத்துக்கொள்ளலாம், உலகத்தில் எங்கிருந்தும் படிக்கலாம். என் பக்கத்துக்கு 'உப்புக்காற்று' என்று பெயர். ஊர் ஞாபகம்தான், வேறொன்றும் இல்லை.

பக்கத்து வீட்டு முத்தம்மாளின் கணவருக்குக் காலில் அடிபட்டது என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பாதியில் விட்டுவிட்டாய். என்ன ஆயிற்று? விவரமாக எழுது.

உன் தம்பி
இஜாஸ்


கும்மிடிப்பூண்டி
29.1.2007

தம்பி இஜாஸுக்கு,

வஅலைக்கும் ஸலாம். அம்மாவுக்குச் சர்க்கரை இருநூற்றைத் தொட்டுவிட்டது. கேட்டால், "உன் கல்யாணத்துக்கு அப்புறம் நான் இனிப்பே தொடலை" என்கிறாள். பொய். போன வாரம் போயிருந்தபோது அலமாரியில் கருப்பட்டி மிட்டாய் பார்த்தேன். நீ சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு. போட்டோவில் கழுத்தெலும்பு தெரிகிறது.

முத்தம்மாள் கதையைக் கேட்டாயே. எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அரசப்பன் இரும்பு உருக்கும் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். மழையில் நனைந்த பழைய இரும்பை உலையில் போட்டால் வெடிக்குமாம். போடாதே என்று இவர் சொல்லியிருக்கிறார். போடு என்றிருக்கிறார்கள். வெடித்தது. காலில் ரப்பர் செருப்பு. பூட்ஸ் கம்பெனி ஆட்களுக்கு மட்டும்தான், காண்ட்ராக்ட் ஆளுக்குக் கிடையாது. வலது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன எழுதச் சொன்னார்கள் தெரியுமா? வீட்டில் வடை சுடும்போது எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தது என்று. தண்ணிக் குழாயடியில் முத்தம்மாள் என்னிடம் சொன்னாள்: "எங்க ஊட்ல எண்ண வாங்கியே மாசம் ஒண்ணாவுது பாயம்மா. சட்டி எங்கருந்து கவுறும்?" சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

ஆள் சப்ளை செய்கிற ராஜமாணிக்கம், கால் ஆறியதும் கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதும் வேலை தருகிறேன் என்றிருக்கிறார். வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் பேச்சு. "உங்கிட்ட மட்டுந்தான் சொல்லிகினு இருக்கேன்" என்றாள் முத்தம்மாள். நான் உன்னிடம் மட்டும் சொல்கிறேன். இது உன்னோடு இருக்கட்டும்.

மச்சான் சலாம் சொல்லச் சொன்னார்.

அக்கா
மெஹர்னிசா


ஷார்ஜா
20.2.2007

அன்புள்ள அக்காவுக்கு,

அல்லாஹ்வின் அருளால் நலம். இங்கே குளிர் குறைந்துவிட்டது. வேலைதான் அதிகம், அதனால் இது சின்னக் கடிதம். அம்மாவுக்கு நல்ல செருப்பு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்த எண்ணெய்ச் சட்டி வரியை என்னால் மறக்க முடியவில்லை. நீ எப்படி இப்படி எழுதுகிறாய்? மற்றவை அடுத்த கடிதத்தில்.

இஜாஸ்


கும்மிடிப்பூண்டி
18.3.2007

இஜாஸ்,

சலாம். நீ நலமாக இருப்பாய் என்று தெரியும். முந்தாநாள் உன் பக்கத்தில் உன் படத்தைப் பார்த்தேன். கழுத்தெலும்பு தெரியவில்லை.

முந்தாநாள் முத்தம்மாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். எப்போதும் நேராக அடுப்படிக்கு வருகிறவள். கையில் மூன்று தாள். கம்பெனி ஆபீஸில் யாரோ கம்ப்யூட்டரில் படித்துவிட்டு அச்செடுத்து ராஜமாணிக்கத்திடம் கொடுத்திருக்கிறார்கள், அவர் அரசப்பன் மூஞ்சியில் வீசியிருக்கிறார். "படிச்சுச் சொல்லு பாயம்மா" என்றாள். படித்தேன். ரப்பர் செருப்பு. இரண்டு விரல். வடை. எண்ணெய்ச் சட்டி. என் வரிகள், வரிசைகூட மாறவில்லை. மேலே 'எழுதியவர்: இஜாஸ்' என்று இருந்தது. போன விடுமுறையில் நீ அவர்கள் வீட்டில் உட்கார்ந்து அரசப்பன் வாயாலேயே கேட்டதாக ஆரம்பித்திருக்கிறாய். போன விடுமுறையில் நீ அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுத்தாயா? முத்தம்மாளை முனியம்மாள் ஆக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தாயா? எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்ததாக ஆஸ்பத்திரியில் எழுதியவன் இந்த ஊரில் ஒருத்தன்தான்.

அவள் சத்தம் போடவில்லை. "நா உங்கிட்ட மட்டுந்தானே சொன்னேன்" என்றாள். அவ்வளவுதான்.

அரசப்பன் காசு வாங்கிக்கொண்டு பேட்டி கொடுத்தார் என்கிறார்களாம். கேட் வேலை போய்விட்டது.

அன்று மதியமே பஜாரில் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து உன் பக்கம் முழுவதும் படித்தேன். மச்சானின் வெள்ளைச் சட்டை, அம்மாவின் கருப்பட்டி மிட்டாய், ஏரியில் மீன் செத்து மிதந்தது, ஊத்துக்கோட்டை பஸ்ஸில் நடந்த சண்டை. எண்ணினேன். இருபத்தேழு பதிவு என் கடிதம். உண்மையைச் சொல்கிறேன், முதல் ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நான் எழுதியதை இத்தனை பேர் படித்திருக்கிறார்களே என்று. அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரம் வருகிறது. கடிதமே எழுது, விவரமாக எழுது என்று நீ கெஞ்சியதெல்லாம் எதற்கு என்று இப்போதுதான் புரிகிறது. நான் என்னவோ, தம்பிக்கு அக்கா மேல் ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றுக்கும் மேலே, பத்து நாளைக்கு முன் நீ போட்ட பதிவு. 'பல நண்பர்கள் தங்கள் எழுத்தை இங்கே வெளியிடக் கேட்கிறார்கள். மன்னிக்கவும். இது என் தனிப்பட்ட பக்கம். இங்கே ஒலிப்பது ஒரே குரல். விருந்தினருக்கு இடமில்லை.' இருபத்தேழு பதிவை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு விருந்தினருக்கு இடமில்லையா? உனக்கு வெட்கமாக இல்லையா?

இப்போது வேலையைக் கேள். நானே ராஜமாணிக்கத்தைப் போய்ப் பார்த்தேன். "அவன் வாயத் தொறக்கலன்னு எழுதனவங்களே சொல்லட்டும். எங்க போட்டாங்களோ அங்கியே போடட்டும். கம்பெனில காட்டிட்டு பேரச் சேத்துக்கறேன்" என்றார். மே ஒன்றாம் தேதி புது ஆள் பட்டியல் போகிறது. அதற்குள் போட வேண்டும். இத்துடன் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். அதை அப்படியே, ஒரு எழுத்து மாற்றாமல், என் பெயரோடு போடு.

'அரசப்பன் யாரிடமும் பேசவில்லை. அவர் மனைவி என்னை நம்பிச் சொன்னதை, அவரிடம் கேட்காமல், நான் என் தம்பிக்குக் கடிதமாக எழுதினேன். என் தம்பி அதை என்னிடம் கேட்காமல் இங்கே தன் பெயரில் போட்டான். தவறு எங்கள் இருவருடையது. மெஹர்னிசா, க/பெ சஹாபுதீன், ஹார்டுவேர் கடை, கும்மிடிப்பூண்டி.'

பக்கத்துக் கடை போனிலிருந்து நான்கு முறை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை.

மெஹர்னிசா


ஷார்ஜா
8.4.2007

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நீயும் அம்மாவும் நலமா? எனக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல், இப்போது பரவாயில்லை. அதனால்தான் போன் எடுக்கவில்லை.

உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை அக்கா. அந்தப் பதிவைப் படித்து எத்தனை பேர் கொதித்தார்கள் தெரியுமா? காண்ட்ராக்ட் ஆட்களுக்கு பூட்ஸ் வேண்டும் என்று ஐம்பத்திரண்டு பின்னூட்டம். நீ எனக்கு எழுதியது பெட்டிக்குள் கிடப்பதைவிட நாலு பேர் படிப்பது நல்லதுதானே?

நீ அனுப்பிய பக்கத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். விருந்தினர் எழுத்து இல்லை என்று இப்போதுதான் அறிவித்தேன். அதை நம்பி இரண்டு நண்பர்களிடம் முடியாது என்று சொல்லியிருக்கிறேன். இப்போது சொந்த அக்காவுக்கு மட்டும் கதவைத் திறந்தால் என்ன சொல்வார்கள்? ஒருமுறை திறந்தால் அப்புறம் மூட முடியாது. மச்சானையும் நினைத்துப் பார். அந்தக் கம்பெனிகளுக்குத்தான் அவர் போல்ட்டும் வெல்டிங் ராடும் விற்கிறார். உன் பெயரும் கடையும் வெளியே வந்தால் வியாபாரம் என்ன ஆகும்? உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். கொஞ்சம் அவகாசம் கொடு.

இஜாஸ்


கும்மிடிப்பூண்டி
19.4.2007

இஜாஸ்,

சலாம். உனக்கு மூன்று வாரமாகக் காய்ச்சல் என்றால், மார்ச் இருபத்தைந்தாம் தேதி பிரியாணி பற்றிப் பதிவு போட்டது யார்? அதற்கும் ஏதாவது அக்கா வைத்திருக்கிறாயா?

உன் கடிதத்தை மச்சானிடம் படித்துக் காட்டினேன். எண்ணெய்க் கையோடு கேட்டுக்கொண்டிருந்தவர், "கடை என்னது, கவலை அவனுக்கு இன்னாத்துக்கு? போடச் சொல்லு" என்றார். ஆக அந்தச் சாக்கு தீர்ந்தது. வேறு ஏதாவது இருந்தால் சொல்.

உன் பக்கத்தில் நானே என் பெயரில் பின்னூட்டம் போட்டேன். ஒரு விரலால் தட்டித் தட்டி முக்கால் மணி நேரம் ஆயிற்று. 'உரிமையாளர் ஒப்புதலுக்குப் பின் வெளிவரும்' என்று வந்தது. பதினோரு நாள் ஆகிறது. உரிமையாளர் ஒப்பவில்லை.

நண்பர்கள் என்ன சொல்வார்கள், கதவு திறந்தால் மூட முடியாது என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். ஓர் இடத்தில் என் பெயரும் என் எழுத்தும் சேர்ந்து வந்துவிட்டால், படிக்கிறவர்கள் மற்ற இருபத்தாறையும் திரும்பிப் பார்ப்பார்கள். அதுதான் உன் பயம். என்னைப் பற்றியும் இல்லை, மச்சானைப் பற்றியும் இல்லை.

நானும் யோக்கியம் இல்லை. அவளிடம் கேட்காமல் உனக்கு எழுதியது நான்தான். அதனால்தான் என் பெயரைப் போடச் சொல்கிறேன். இது எனக்குப் பெருமையா? ஊர் காறித் துப்பும். துப்பட்டும். அரசப்பன் பட்டியலில் ஏறட்டும்.

இன்னும் பன்னிரண்டு நாள். இது கையில் கிடைத்த அன்றே போடு. தினமும் போய்ப் பார்ப்பேன்.

மெஹர்னிசா


ஷார்ஜா
9.5.2007

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சொன்னதைச் செய்துவிட்டேன்! ஞாயிற்றுக்கிழமை 'விருந்தினர் பக்கம்' என்று புதிதாகவே ஒரு பகுதி ஆரம்பித்து, முதல் விருந்தினராக உன்னைப் போட்டிருக்கிறேன். கொஞ்சம் செப்பனிட்டேன், அவ்வளவுதான். உன் எழுத்துக்கு நாற்பது பின்னூட்டம். யார் இந்தச் சகோதரி, தொடர்ந்து எழுதச் சொல்லுங்கள் என்கிறார்கள்.

பெயர் விஷயத்தில் நிறைய யோசித்தேன். நம் குடும்பத்தில் கல்யாணப் பத்திரிகையில்கூட பெண்ணின் பெயரைப் போட மாட்டோமே. உன் கல்யாணத்துக்கு அத்தா அச்சடித்தபோது மணமகள் இடத்தில் 'தீன்குலச் செல்வி' என்றுதானே போட்டார். அந்த மரியாதையில் 'தீன்குலச் செல்வி எழுதுகிறார்' என்று போட்டிருக்கிறேன். உனக்கும் பாதுகாப்பு, உன் எழுத்தும் வந்தாயிற்று. அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். இப்போதாவது கோபம் தணிந்ததா?

உன் தம்பி
இஜாஸ்


கும்மிடிப்பூண்டி
24.5.2007

இஜாஸ்,

நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

நீ போட்ட அன்றே பார்த்துவிட்டேன். மே ஆறு. பட்டியல் போனது மே ஒன்று. அப்படியும் மனசு கேட்காமல் அச்செடுத்துக்கொண்டு ராஜமாணிக்கத்திடம் ஓடினேன். வெயிலில் ஒரு மணி நேரம் கேட்டுக்கு வெளியே நின்றேன். வந்து படித்தார். "பேரு எங்கம்மா?" என்றார். "தீன்குலச் செல்வி நான்தான்" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க வேணா போயி கேளும்மா, செல்வின்னா கல்யாணம் ஆவாத பொண்ணு. நீ புள்ளகுட்டிக்காரி. தம்பியக் காப்பாத்த இன்னாத்தியோ எழுதிகினு வந்து நிக்கற. மொத எழுதனது இஜாஸ்னு பேரோட போட்டுருக்கு. இது யாரோ பேரில்லாத மொட்டக் கடுதாசி" என்றார். கூட நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். என் எழுத்தை நான் எழுதினேன் என்று சொன்னதற்கு நடுரோட்டில் சிரித்தார்கள் இஜாஸ்.

அத்தா அச்சடித்த பத்திரிகையைப் பற்றி நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குப் பெண் யார் என்று தெரியும், வந்து என் தலையைத் தொட்டு துஆ செய்தார்கள். ராஜமாணிக்கத்துக்கு எப்படித் தெரியும்? ஒரு ஆளுடைய சோற்றுக்காகப் பெயரைக் கொடுத்தேன். அதை எடுத்துவிட்டு மரியாதை செய்தேன் என்கிறாய்.

செப்பனிட்டது என்ன என்றும் பார்த்தேன். 'என் தம்பி அதை என்னிடம் கேட்காமல் இங்கே தன் பெயரில் போட்டான்' என்ற வரி இல்லை. 'தவறு எங்கள் இருவருடையது' என்பது 'தவறு என்னுடையது' என்று ஆகியிருக்கிறது. நல்ல செப்பம்.

பதினைந்தாம் தேதி முத்தம்மாள் வீட்டைக் காலி செய்துவிட்டாள். எளாவூர் பக்கம் என்று சொன்னார்கள். அரசப்பன் அந்தக் காலோடு லாரியில் மூட்டை ஏற்றப் போகிறாராம். பாத்திரங்களை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தபோது நான் போய் ஒரு கை கொடுக்கப் பார்த்தேன். "உடு பாயம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றாள். நான் என் வாசலிலேயே நின்றேன்.

இதையும் பதிவாகப் போட்டுக்கொள். ஷேர் ஆட்டோவின் நிறம் மஞ்சள்.

மெஹர்னிசா


ஷார்ஜா
15.7.2007

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே பயமாக இருக்கிறது. ஏழு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்தேன்.

போன வெள்ளிக்கிழமை இருபத்தேழு பதிவிலும் உன் பெயரைப் போட்டுவிட்டேன். உன் பக்கத்தை ஒரு எழுத்து மாற்றாமல் மேலே போட்டேன். விருந்தினர் பற்றிய அந்த அறிவிப்பை எடுத்துவிட்டேன். திருடன் என்று எழுதினார்கள். பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். இன்னொன்றும் உன்னிடம் சொல்லவில்லை. ஜனவரியிலிருந்தே சென்னையில் ஒருவர் என் பதிவுகளைப் புத்தகமாகப் போடுவதாகச் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் மே வரைக்கும் இழுத்தேன். இப்போது அவரும் போன் எடுப்பதில்லை. எனக்கு வேண்டியதுதான்.

நீ சொன்னது எல்லாம் சரி. என் பயம் அதுதான். மன்னித்துவிடு என்று கேட்க எனக்குத் தகுதி இல்லை, ஆனாலும் கேட்கிறேன். உப்புக்காற்று இனி உன்னுடையதும்தான். உள்ளே நுழையும் ரகசியச் சொல்லைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உன் பெயரில் நீயே எழுது, யாரிடமும் கேட்க வேண்டாம்.

முத்தம்மாள் இப்போது எப்படி இருக்கிறாள்? நீ போய்ப் பார்த்தாயா? அரசப்பன் கால் ஆறிவிட்டதா, எப்படி மூட்டை தூக்குகிறார்? உன்னிடம் பேசினாளா, என்ன சொன்னாள்? எனக்கு மனசே ஆறவில்லை. விவரமாக எழுது.

தம்பி
இஜாஸ்


கும்மிடிப்பூண்டி
4.11.2007

தம்பி இஜாஸுக்கு,

வஅலைக்கும் ஸலாம். பெருநாளன்று நீ போன் செய்தபோது நான் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. அம்மாவுக்கு நீ அனுப்பிய செருப்பு சரியாக இருக்கிறது. சர்க்கரை நூற்று நாற்பதுக்கு இறங்கியிருக்கிறது. மச்சான் சுகம். பிள்ளைகளுக்கு மழை லீவு.

என் பெயரை இருபத்தேழு இடத்திலும் பார்த்தேன். சந்தோஷப்படலாம் என்று உட்கார்ந்தேன், வரவில்லை. நீ அனுப்பிய ரகசியச் சொல்லை அடுப்பில் போட்டேன். கோபம் இன்னும் போகவில்லை. போனதாக நடிக்கவும் எனக்குத் தெரியாது.

எளாவூருக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை முத்தம்மாள் கதவைத் திறக்கவில்லை. போன வாரம் திறந்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். வெகுநேரம் பேசினாள், அவரும் பக்கத்தில்தான் இருந்தார். நீ கேட்டிருந்த ஒவ்வொரு கேள்விக்கும் இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து, "இத்தியும் எழுதிடுவியா பாயம்மா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன்.

இங்கே நல்ல மழை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
மெஹர்னிசா